வெறுந்தண்ணிக் கிண்ணம்

தலை அரித்தது. நவமணியின் வலது கை அது பாட்டுக்கு மேலே போய், காதுக்குப் பின்னால் நகம் படப்போகிற நேரத்தில் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அட கடவுளே, பேன் மருந்து. சனிக்கிழமை காலையில் பாப்பாவின் தலையில் பேன் மருந்தைக் கொட்டி, முடியைப் பிரித்துப் பிரித்து வேர்க்காலில் அழுத்தித் தேய்த்தது இந்தக் கைதானே? தேய்த்துவிட்டு, சோப்புப் போட்டு ஒரே ஒரு தடவை கழுவிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்து, இதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, இதே விரல்களால் கண்ணாடிக் குழாயைப் பிடித்து, இந்தக் கிண்ணங்களுக்குள் தெள்ளுகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டதும் இந்தக் கைதானே? கையைக் கீழே கொண்டுவந்தாள். மடியில் வைக்கவும் மனசு வரவில்லை, மேசையில் வைக்கவும் மனசு வரவில்லை. யாரோ கொஞ்சம் பிடி என்று கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த கிண்ணங்களை மறுபடி பார்த்தாள். எல்லாம் அடியில்தான் கிடந்தன. கிண்ணத்தை லேசாகச் சுழற்றிப் பார்த்தாள், தண்ணீர் சுற்றியபோது அவையும் சேர்ந்து சுற்றின, தண்ணீர் நின்றதும் அவையும் நின்று மெதுவாக இறங்கி அடியில் உட்கார்ந்துகொண்டன. நீந்துகிற உசுரு அப்படி இறங்காது.

தெள்ளு என்றால் நாய் மேலே ஏறுகிற தெள்ளு இல்லை, தண்ணீர்த் தெள்ளு. கடுகில் பாதிகூட இருக்காது. உடம்பு கண்ணாடி. உள்ளே குடல் பச்சையாக ஓடுவது தெரியும், இதயம் துடிப்பது தெரியும், முதுகில் குஞ்சு சுமந்தால் அதுவும் தெரியும், ஒளிவுமறைவு என்கிற பேச்சே அதனிடம் கிடையாது. திருப்பூரில் சாயப்பட்டறைக்காரர்கள் வெளியே விடுகிற தண்ணீர் இந்த ஆய்வுக்கூடத்துக்கு வரும். அதில் உப்பு எவ்வளவு, சாயம் எவ்வளவு என்று பக்கத்து அறை மிஷினெல்லாம் சொல்லிவிடும். அந்தத் தண்ணீரில் ஒரு உசுரு தங்குமா என்பதை மிஷின் சொல்லாது, உசுரைப் போட்டுத்தான் பார்க்கணும். அதுதான் நவமணியின் வேலை. சனிக்கிழமை போட்டது, இன்று திங்கட்கிழமை. வலது ஓரத்தில் இருப்பது கலப்படமே இல்லாத கழிவுத் தண்ணீர். அதற்கு இந்தப் பக்கம் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்தது, அப்புறம் கழிவு கால்வாசி, அப்புறம் அரைக்கால், அப்புறம் பதினாறில் ஒரு பங்கு, அதாவது வீசம். ஒவ்வொன்றிலும் நாலு கிண்ணம், கிண்ணத்துக்கு ஐந்து தெள்ளு. வலது ஓரத்தில் செத்திருந்தால் அதிசயமில்லை. பாதியில் செத்திருந்தால் உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் வீசத்திலுமா? பேருக்குக் கழிவு கலந்த அந்தத் தண்ணீரிலுமா ஒட்டுக்கா எல்லாம் செத்துக் கிடக்கும்? இந்த வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதால்தான் கை தலைக்குப் போனது, தலைக்குப் போனதால்தான் மருந்து ஞாபகம் வந்தது. பேனைக் கொல்கிற மருந்துக்குத் தெள்ளு எம்மாத்திரம்? ஒரு துளியில் துளி போதும்.

இடது ஓரத்தில் இன்னும் நாலு கிண்ணம் இருந்தது. தூசி விழாமலிருக்க மேலே ஒரு வெள்ளைத் தாள். அதில் கழிவு ஒரு சொட்டும் கிடையாது, தெள்ளு வளர்க்கிற அதே நல்ல தண்ணீர். கன்ட்ரோல் என்று எழுதுவார்கள், நவமணி மனசுக்குள் அதை வெறுந்தண்ணி என்றுதான் சொல்வாள். மற்ற கிண்ணங்களில் என்ன நடந்தாலும் வெறுந்தண்ணியில் தெள்ளு நீந்திக்கொண்டிருக்கணும். நீந்தினால்தான் செத்ததற்குக் காரணம் கழிவு என்று சொல்ல முடியும். அதிலும் செத்துக் கிடந்தால் பழி பட்டறைமேல் இல்லை, போட்டவள்மேல், அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். வழக்கமாக அதைத்தான் முதலில் பார்ப்பாள். இன்று என்னவோ கை வலது பக்கம் போய்விட்டது. இப்போது தாளைத் தூக்கினால் தெரிந்துவிடும், என் கையா, அந்தத் தண்ணியா என்று. தூக்கேன். தூக்க என்ன? நோட்டு எடைகூட இல்லாத தாள்தானே. அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது மின்விசிறிக் காற்றுக்கு ஒரு மூலையில் மட்டும் எழும்பி எழும்பிப் படுத்தது.

யாருடைய தண்ணீர் என்று அவளுக்குத் தெரியக்கூடாது. கேனின்மேல் எண் மட்டும்தான் ஒட்டி வரும், பேர் மேடத்தின் கம்ப்யூட்டரில் இருக்கும். நல்ல ஏற்பாடுதான், மூக்கு என்று ஒன்று இல்லாதவர்களுக்கு. சனிக்கிழமை கேனின் மூடியைத் திருகியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுகின முட்டையும் துரு ஏறின ஆணியும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம், கறுப்புச் சாயம் போடுகிற பட்டறையில் மட்டும் வருவது. அதிலும் கடைசியில் தொண்டையைப் பிடிக்கிற புளிப்பு ஒன்று. வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நவமணிக்கோ அது அவள் வீட்டுக் கொடியில் தினமும் தொங்குகிற நாற்றம். வெள்ளிங்கிரியின் காக்கிச் சட்டை, வெள்ளிங்கிரியின் துண்டு, வெள்ளிங்கிரி படுத்த தலையணை. அவளுடைய வீட்டுக்காரர் அந்தப் பட்டறையில்தான் கழிவுத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். எத்தனை ஊறவைத்து எத்தனை கசக்கினாலும் துணியை விட்டு அது போகாது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள், "ஏனக்கா, உங்கூட்டுல முட்டை ஏதாச்சும் ஒடஞ்சிருச்சா?" என்று கேட்டாள். நவமணி சிரித்துவிட்டு வந்துவிட்டாள். அவளுக்குத் தெரியுமா, சாயங்காலம் வாசலில் அந்த நாற்றம் வந்தால் நவமணிக்கு மனசு எப்படிக் குளிரும் என்று? வந்துட்டாரு, வேலைக்குப் போனவரு வேலை முடிஞ்சு வந்துட்டாரு.

சொல்லியிருக்கணும். மூடியைத் திறந்ததுமே, மேடம் இது எங்கூட்டுக்காரர் வேலை பார்க்கிற எடம், நான் இதைத் தொடக்கூடாது, வேற யாருக்காவது குடுங்க என்று சொல்லியிருக்கணும். அதுதான் இங்கே முறை, சேர்ந்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வேற ஒருத்தர் கையில் போய் என்ன ஆகுதோ என்று அடித்துக்கொள்வதைவிட என்னோட கண் முன்னால் இருக்கட்டும் என்று தோன்றியது. திருட்டு எண்ணம் ஒன்றும் இல்லை. இல்லையா? அன்றைக்கு இல்லை, சத்தியமாக இல்லை. போன வாரம் சோறு சாப்பிடும்போது அவர்தான் பேச்சை எடுத்தார், "பொல்யூஷன் போர்டுக்காரங்க வந்து தண்ணி புடிச்சுட்டுப் போனாங்க. எந்த லேப்புக்கோ அனுப்பறாங்களாம். இதுல பெயிலானா கரன்ட்டைப் புடுங்கிப்போடுவாங்கன்னு மொதலாளி பேயாட்டமா திரியறாரு." அவள் ரசம் ஊற்றினாள். "உங்க லேப்புக்கா வருது?" என்று கேட்டார். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க, நம்பர்தான் வரும்," என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, "வந்தா நல்லபடியாப் பாரு," என்று சொல்லிவிட்டு, உடனே அதற்கே வெட்கப்பட்டவர் மாதிரி, "சும்மா சொன்னேன், உன்ற வேலைய நீ பாரு," என்றார். எருமைமாட்டு உடம்புக்குள் அப்படி ஒரு கூச்சம் அந்த மனுஷனுக்கு.

"நவமணி, ரீடிங் முடிஞ்சுதா?" பக்கத்து அறையிலிருந்து ரெஹானா மேடத்தின் குரல். மேடத்துக்கு நாற்பதுகூட ஆகவில்லை, இந்தக் கூடத்துக்கே தலைவி, குரலை உயர்த்தவே மாட்டார், உயர்த்தாமலே ஆளை எழுப்பி நிறுத்திவிடுவார். "சித்தெ இருங்க மேடம், எண்ணிட்டு இருக்கேன்," என்றாள் நவமணி. "கன்ட்ரோல் எப்படி இருக்கு?" இதுதான், இதைத்தான் மேடம் எப்போதும் முதலில் கேட்பார். சாம்பார் ருசி பார்க்கிறவர்கள் உப்பைக் கேட்பதுபோல. நவமணியின் வாய் திறந்தது, என்ன சொல்லப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. "இன்னும் அங்க போகலீங்க மேடம், இந்த ஓரத்திலிருந்து வர்றேன்." மேடம் திருப்பிக் கேட்டார், "அந்த ஓரத்திலிருந்தா? சரி, மத்தியானத்துக்குள்ள எனக்கு வேணும். போர்டு ஆபீஸ்ல ரெண்டு தடவை கேட்டாச்சு." நாற்காலி நகர்கிற சத்தம். வந்துவிடுவாரோ? வரவில்லை. நவமணிக்கு முதுகில் வேர்வை இறங்கி இடுப்பில் போய்த் தேங்கியது.

சரி, நிதானமா யோசி. பதறாதே. சனிக்கிழமை என்ன செய்தாய்? கையுறை போட்டாய். போட்டதாகத்தான் ஞாபகம். அப்புறம் வலது கையில் மட்டும் கழற்றினாய். எப்போதும் கழற்றுவாய், மேடம் பார்த்தால் திட்டுவார் என்று தெரிந்தும் கழற்றுவாய், கையுறைக்குள் இருந்தால் ரப்பர்க் குமிழை எவ்வளவு அழுத்துகிறோம் என்று விரலுக்குத் தெரியாது. கொஞ்சம் எச்சாக அழுத்தினால் தெள்ளு விசிறிப் போய் விழும், முதுகோட்டுக்குள் காற்று புகுந்து மேலேயே மிதந்து செத்துப்போகும். ஆகவே கழற்றினாய். கழற்றிவிட்டு அந்தக் கண்ணாடிக் குழாயின் நுனியில் தொங்குகிற சொட்டை விரலால் துடைத்தாயா? அங்கேதான் சிக்குகிறது. துடைத்தாயா, இல்லையா? துடைப்பது பழக்கம். பழக்கமான ஒன்றைச் செய்தோமா என்று எப்படி நினைத்துப்பார்ப்பது? காலையில் கதவைப் பூட்டினோமா என்று யாருக்குத் தெரியும்? கண்ணை மூடிப் பார்த்தாள். குழாய் தெரிந்தது, நுனியில் சொட்டு தெரிந்தது, சொட்டுக்குள் ஒரு தெள்ளு துள்ளுவது தெரிந்தது, விரல் வருகிற நேரத்தில் படம் நின்றுவிட்டது. மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை விரல் வந்தது. மூன்றாவது தடவை வரவில்லை. அட, உன்ற ஞாபகத்தை நம்பி ஒரு காப்பிகூடக் குடிக்க முடியாது போலிருக்கே.

இந்த அறைக்குள் கொசுவத்தி கூடாது, சாம்பிராணி கூடாது, வாசனைப் பவுடர் கூடாது. மல்லிகை வைத்துக்கொண்டு வரக்கூடாது, பூந்தோட்டத்தில் அடிக்கிற மருந்து இதழில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் வெள்ளிக்கிழமைகூட வெறுந்தலை. கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறவர்கள் பூவைக் கழற்றி வாசல் ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரணும், சாயங்காலம் போகும்போது ஜன்னலில் வரிசையாக வாடின சரங்கள் கிடக்கும். இத்தனையும் புதுசாக வருகிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நவமணிதான். ஒரு ஆயுத பூஜை ராத்திரி, கொசு எச்சாக இருக்கிறதே என்று வாட்ச்மேன் நல்ல மனசோடு இங்கேயும் ஒரு கொசுவத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டுப் போக, மறுநாள் வளர்ப்புத் தொட்டி முழுக்கப் பிணம். அன்றைக்கு அவள் அழுதாள், பூச்சிக்கு ஒருத்தி அழுவாளா என்று வாட்ச்மேன் மிரண்டுபோய் நின்றான். ஒரு மூலையில் ஒரே ஒரு தாய் மட்டும் தத்தளித்துக்கொண்டிருந்தது, அதை எடுத்துத் தனிக் கிண்ணத்தில் விட்டு, ஈஸ்ட்டும் பாசியும் கரைத்து ஊட்டி, அது ஆண் துணை ஒன்றும் தேடாமல் தானாகவே பெற்றுப் பெருக்கியதுதான் இன்றைக்கு இருக்கிற அத்தனையும். அப்படி வளர்த்தவள் பேன் மருந்துக் கையோடு வந்து உட்கார்ந்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் வெள்ளிக்கிழமை போன் பண்ணி, "தன்ஷிகாம்மா, பேன் போற வரைக்கும் பாப்பாவ அனுப்பாதீங்க, பக்கத்துல உக்கார்ற கொழந்தைங்க அம்மாவெல்லாம் சத்தம் போடறாங்க," என்று சொன்னபோது வந்த அவமானத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. மருந்துக் கடையில் எதை நீட்டினானோ அதை வாங்கி வந்து தேய்த்தாள். பாப்பா கண் எரியுது கண் எரியுது என்று கத்தினாள். அவளை அதட்டி உட்காரவைத்த அவசரத்தில் தெள்ளு எங்கே ஞாபகம் வரும்?

இதைச் சொன்னால் போதும். மேடம், என்ற தப்பு, சனிக்கிழமை கையில் பேன் மருந்து இருந்துச்சு, இந்தச் சோதனையே செல்லாது. அவ்வளவுதான். புதுசாகத் தண்ணீர் பிடிக்க ஆள் அனுப்புவார்கள், அனுப்புவதற்குள் பட்டறைக்குச் சேதி போய்விடும், அவர்கள் நாலு லாரி நல்ல தண்ணீரைக் கலந்து வைத்திருப்பார்கள், தெள்ளு நீந்தும், கரன்ட் ஓடும், வெள்ளிங்கிரி வேலைக்குப் போவார். ஆனால் அப்புறம் ஒரு நாள் மேடத்துக்குத் தெரியவரும். ஏம்மா, உன் வீட்டுக்காரர் அங்கேதானே இருந்தார் என்று கேட்பார். பேன் மருந்து என்பது நிஜமாகவே நிஜமாக இருந்தாலும் அன்றைக்கு அது கட்டுக்கதைதான். அட, நிஜத்தைச் சொன்னால் பொய்யாகிறது, வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ற கையால் செத்த பூச்சிக்கு அந்த மனுஷன் வேலை போகிறது. என்னடா இது, எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருக்கிறதே. அவள் தாளை மறுபடி பார்த்தாள். உள்ளே செத்திருக்கணுமா, உசுரோடு இருக்கணுமா? எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் ஒருத்தி எப்படிச் சாமி கும்பிடுவாள்?

செத்திருக்கட்டும். ஆமாம், செத்தே இருக்கட்டும், என்ற பேர் கெட்டாலும் கெடட்டும். இன்னொரு தடவை அந்த ரெண்டு வருஷம் வேண்டாம் சாமி. முன்பு இருந்த பட்டறையை மூடியபோது வெள்ளிங்கிரி ரெண்டு வருஷம் வீட்டில் இருந்தார். குடிக்கவில்லை, அடிக்கவில்லை, யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து வெங்காயம் உரித்து அரிந்து வைப்பார், பாப்பாவுக்குச் சடை பின்னிவிடுவார், அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் மாதிரியே கிளம்பிப் போய்ப் புது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். சாயங்காலம் வரும்போது அவர்மேல் எந்த வாசமும் இருக்காது, வெயில் வாசம்கூட. ஒரு நாள் பாப்பா, "அப்பா நீ பேசவே மாட்டேங்கற, உனக்கு வாய் வலிக்குதா?" என்று கேட்டாள். அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை, முகத்தைக் கழுவப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி நவமணி வெடுக்கென்று, "நாலு எடத்துல போய்க் கேட்டாத்தானே கெடைக்கும், பஸ் ஸ்டாண்டுல என்ன இருக்குது?" என்று கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும்தான். இந்தப் பட்டறையில் தொட்டி பார்க்கிற வேலைக்கு முதல் நாள் போய்விட்டு வந்து அவர் வாசலில் நின்று, "நாத்தம் புடிச்ச வேலை புள்ள, பரவால்லியா?" என்று கேட்டார். பரவால்லியாவாம்! அவள் அவர் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

சாயம் ஓடுகிற நொய்யல் ஆற்றைப் பற்றி அழ ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும், நவமணிக்கு இந்த நேரத்தில் ஆறு ஞாபகமே வரவில்லை என்பதுதான் உண்மை. வரணும் என்று அவளே அவளைப் பிடித்துக் கொஞ்சம் உலுக்கிப் பார்த்தாள். படித்தவள்தானே, விலங்கியலில் முதல் வகுப்புத்தானே. வந்தது என்னவோ அந்த வெங்காயம்தான், பொடிசு பொடிசாக அரிந்து ஒரு கிண்ணத்தில் மூடி வைத்த வெங்காயம், அவள் சமையல்கட்டுக்கு வரும்போது ஆள் அங்கே இருக்காது, கிண்ணம் மட்டும் இருக்கும். போதும். இப்படியே உட்கார்ந்திருந்தால் மேடம் வந்து அவரே தூக்கிவிடுவார். கையைத் துண்டில் துடைத்தாள். துடைத்தால் போய்விடுமா? இடது கையை நீட்டினாள், அந்தக் கை மருந்தைத் தொடவில்லை என்று ஒரு நினைப்பு. தாளின் எழும்பி எழும்பிப் படுத்த மூலையைப் பிடித்து, ஒரு தடவை மூச்சு விட்டு, தூக்கினாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. இமைத்துவிட்டுக் குனிந்தாள். துள்ளல். ஒன்று மேலே எகிறி, மெல்ல இறங்கி, மறுபடி எகிறியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. விளிம்போரம் ஒன்று சுவரைத் தொட்டுத் தொட்டு ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து. அடுத்த கிண்ணம், ஐந்து. அதற்கடுத்தது, நாலுதான் இருக்கிறதே, அய்யோ, இல்லை, ஒன்று ஒன்றின்மேல் மறைந்திருக்கிறது, ஐந்து. கடைசிக் கிண்ணம். ஐந்து. அத்தனையும் உசுரோடு, ரெண்டு நாள் பட்டினியிலும் என்ன ஒரு துள்ளல். என்ற கை இல்லை! முதலில் வெறுந்தண்ணியில் போட்டுவிட்டுத்தான் மற்றதில் போடுவது, கையில் மருந்து இருந்திருந்தால் முதல் அடி இதில்தானே விழுந்திருக்கும், என்ற கை சுத்தம், நான் கொல்லவில்லை! ஒரு நொடி, வெறும் ஒரு நொடி, வேறெதையும் நினைக்காமல் வாயில் கை வைத்துச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு வாயிலேயே காய்ந்தது. அப்படியானால் தண்ணி. அப்படியானால் அந்தத் தண்ணிதான்.

கழுவுதொட்டி ஒரு எட்டுதான். நாலு கிண்ணம், நாலு கவிழ்ப்பு. கன்ட்ரோல் செத்திருந்துச்சுங்க மேடம், என்ற தப்புத்தான், கொட்டிட்டேன். பேன் மருந்துக் கதை ரெடியாக இருக்கிறது, பாதி நிஜமும்கூட. மேடம் திட்டுவார், நம்புவார், இத்தனை வருஷத்தில் நவமணி சொன்ன எண்ணை அவர் மறுபடி எண்ணிப் பார்த்ததே கிடையாது. எப்போது எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. முதல் கிண்ணம் கையில் இருந்தது, தொட்டிக்கு மேலே இருந்தது, சாய ஆரம்பித்திருந்தது. சாய்ந்த பக்கமாக வெளிச்சம் விழுந்ததும் ஐந்தும் அங்கே கூடின. வீட்டில் நாம மூணு பேரு, அவள் யாருக்கோ சொல்லிக்கொண்டாள், மூணு பேரு நிம்மதியா இருக்கணும், அதுக்குத்தான். ஒரு தடவைதான். அடுத்த தடவை நல்ல தண்ணியா வந்துரும். இந்தத் தண்ணி எப்படி இவ்வளவு கெட்டுப்போச்சு, சுத்தம் பண்ணி வெளியே விடுகிற தண்ணிதானே இது. வீசத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லையே. எல்லாத் தொட்டியும் தாண்டி, எல்லா மருந்தும் போட்டு, கடைசியில் வெளியே வருகிற தண்ணியே இப்படி என்றால், உள்ளே, முதல் தொட்டியில், சேறு தேங்குகிற தொட்டியில் இருப்பது எப்படி இருக்கும்?

அந்தத் தொட்டிக்குள் இறங்குகிறவர் யார்?

காலையிலிருந்து அந்த மனுஷன் வேலையைப் பற்றி ஓயாமல் நினைத்தாளே, அந்த வேலை எதற்குள் நின்றுகொண்டு பார்க்கிற வேலை என்று ஒரு தடவையாவது நினைத்தாளா? திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஓடாது, தொட்டி படிந்து கிடக்கும், திங்கட்கிழமை காலையில்தான் இறங்கிச் சேறு தள்ளுவது, அவரே சொல்லியிருக்கிறார். ஏணி வைத்து, கைலியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு. மூடின தொட்டி. அழுகின முட்டை நாற்றம். அந்த நாற்றம் என்ன வாயு என்று விலங்கியலில் முதல் வகுப்பு வாங்கினவளுக்குத் தெரியாதா? அது எச்சாகிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, தெரியாதபோதுதான் ஆள் விழுவான் என்று தெரியாதா? பூச்சி செத்தால் மனுஷன் சாக வேண்டியதில்லை, அதுவும் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய, உள்ளே நிக்கிறது அந்த மனுஷனாச்சே. அடிப் பாவி, அந்த நாத்தத்தைப் போய் முகத்தில் வெச்சுட்டு நின்னியே. கிண்ணத்தை மேசையில் வைத்தாள், தண்ணீர் அலம்பியது, எண்ணிப் பார்த்தாள், ஐந்து, ஒன்றும் சிந்தவில்லை. போனை எடுத்தாள். இங்கிருந்து பட்டறைக்காரர்கள் யாரோடும் பேசக்கூடாது என்பதும் முறைதான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுங்க. எடுங்க சாமி. நின்றுவிட்டது. மறுபடி அடித்தாள்.

"என்ன புள்ள இந்நேரத்துக்கு?" கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குரல். "பாப்பாவுக்கு ஏதாச்சுமா?"

"ஏனுங்க, எங்க நிக்கிறீங்க?"

"எங்க நிப்பேன், தொட்டிக்குள்ளதான். கையெல்லாம் சேறு, சொல்லு."

"மேல ஏறுங்க."

"ஏறலாம், இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி—"

"ஏறுங்கங்கறேன்ல! பாக்கியாவது மண்ணாவது. இப்பவே ஏறுங்க. உள்ள வேற ஆள் இருந்தா அவியளையும் ஏறச் சொல்லுங்க."

அவள் கத்திய கத்தலுக்கு ரெஹானா மேடம் வாசலில் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நவமணியைப் பார்த்தார், போனைப் பார்த்தார், திறந்து கிடந்த நாலு கிண்ணத்தைப் பார்த்தார். போனுக்குள் ஏணியில் கால் வைக்கிற சத்தம் கேட்டது, இரும்பு முனகியது, யாரையோ வாடா மேல என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஒருதரம் சத்தமே இல்லாமல் போனது. நவமணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறிட்டேன்," என்றார் வெள்ளிங்கிரி. இருமினார். "ரெண்டு பேரும் ஏறிட்டோம். என்ன ஆச்சுன்னு சொல்லு, பயமா இருக்குது."

"வெளிய போய்க் காத்தாட நில்லுங்க. மறுக்கா எறங்கக்கூடாது. நான் அப்பறம் பேசறேன்." போனை வைத்தாள். வைத்துவிட்டு மேடத்தின் பக்கம் திரும்பினாள்.

"எங்கூட்டுக்காரர் மேடம்," என்றாள். "இந்தத் தண்ணி வந்த பட்டறையிலதான் வேலை பார்க்கறாரு. சனிக்கிழமையே சொல்லியிருக்கணும். சனிக்கிழமை கைல பேன் மருந்து வேற இருந்துச்சு, அதையும் எழுதிக்குங்க. நான் எண்ணினது செல்லாது, நீங்களே வந்து எண்ணுங்க." நவமணி ஒரு அடி தள்ளி நின்று வழி விட்டாள். "கன்ட்ரோல்ல இருந்து ஆரம்பிங்க மேடம். எல்லாம் உசுரோட இருக்குதுங்க."